கண்ணாயிரம் வாங்கிய ஒரே ஒரிஜினல்

கண்ணாயிரத்தைப் பற்றி நல்லவிதமாக நாலு வார்த்தை எழுதச் சொன்னால் என்னால் முடியாது. கெட்டவிதமாக எழுதவும் மிச்சம் ஒன்றுமில்லை. அந்த வேலையை ஊரே செய்து முடித்துவிட்டது. அதனால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். இதில் நானும் வருகிறேன். என் பங்கைக் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

என் பெயர் மதார் சாகிப். வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீசுக்கு எதிர்ப்பக்கம் ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், நாலு பிளாஸ்டிக் நாற்காலி போட்டுக் கடை வைத்திருக்கிறேன். மனு எழுதித் தருவது தொழில். பட்டா மாற்றம், வாரிசுச் சான்று, முதியோர் உதவித்தொகை, பக்கத்து வீட்டுக்காரன் சுவரைத் தள்ளிக் கட்டிவிட்டான் என்ற புகார், எல்லாம் எழுதுவேன். வாயில்லாதவர்களுக்கு நான்தான் வாய் என்று பெருமையடித்துக்கொள்வதும் உண்டு. அந்த வாய் எந்த லட்சணத்தில் இருந்தது என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

கண்ணாயிரம் வாட்ச் விற்பவன். சாதாரண நாட்களில் செங்கம் ரோட்டில், ரமணாசிரமத்துக்கு வந்துபோகும் கூட்டத்தைப் பார்த்து உட்கார்ந்திருப்பான். பௌர்ணமி வந்தால் எமலிங்கத்துக்குப் பக்கத்தில் கிரிவலப் பாதையோரம் நீலத் தார்ப்பாயை விரித்துவிடுவான். தார்ப்பாய் முழுக்கச் சதுர முகம், சாம்பல் திரை, கறுப்பு இலக்கம். டிஜிட்டல் வாட்ச் என்றதும் உங்களுக்கு ஒரு ஜப்பான் கம்பெனி ஞாபகம் வருமே, அந்தக் கம்பெனி நாற்பது வருஷத்துக்கு முன்னால் போட்ட மாடலின் நகல். கம்பெனிக்காரனே அதை மறந்துபோன காலத்திலும் கண்ணாயிரம் மறக்கவில்லை. நூற்றைம்பது ரூபாய்க்குப் பெட்டி, பில், வாரன்டி அட்டை எல்லாம் சேர்த்தே கொடுப்பான். வாரன்டி ஐந்து வருஷம் என்று அட்டையில் போட்டிருக்கும். வாட்ச் ஐந்து வாரம் ஓடினால் ஆச்சரியம்.

தார்ப்பாய்க்கு நடுவில் ஒரு பக்கெட் தண்ணீர் இருக்கும். வியாபாரமே அந்தப் பக்கெட்டில்தான். ஒரு வாட்ச்சை எடுத்துத் தண்ணீருக்குள் அமுக்கிப் பிடித்துக்கொண்டு குரல் கொடுப்பான். "தண்ணியில போட்டாலும் ஓடும் சார்! ஒரிஜினலுக்கு தண்ணி ஒரு மேட்டரே இல்ல சார்! பாருங்க, லைட்டு எரியுது பாருங்க!" தண்ணீருக்குள்ளேயே பட்டனை அமுக்குவான். குட்டி விளக்கு எரியும். பக்திமான்கள் பர்ஸை எடுப்பார்கள். அந்த ஒரு வாட்ச்சுக்கு மட்டும் மூடியைக் கழற்றி, ஓரமெல்லாம் தண்ணீர் புகாதபடி வாஸ்லின் தடவி, பசை போட்டு ஒட்டியிருப்பான். அதை ஒருநாளும் விற்றதில்லை.

ஒருமுறை நான் அங்கே நின்றிருந்தபோது போளூர்ப் பக்கத்திலிருந்து ஓர் அம்மா, போன பௌர்ணமிக்கு வாங்கிய வாட்ச்சை முந்தானையிலிருந்து அவிழ்த்துக் காட்டினாள். திரையில் ஒன்றுமில்லை. கண்ணாயிரம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது நம்ம கடை சரக்கே இல்லம்மா" என்றான். முகத்தில் ஒரு சுருக்கம் கூட விழவில்லை. அந்த அம்மா அழுதுகொண்டே போனாள். எனக்கு அவனை அறையலாம் போலிருந்தது. அறையவில்லை, அவன் வாங்கிக் கொடுத்த டீயைக் குடித்தேன்.

இப்படிப்பட்டவனுக்கு அபிநயா என்று ஒரே மகள். படித்து, டவுனில் ஒரு தனியார் லேபில் ரத்தப் பரிசோதனை செய்யும் வேலையில் இருந்தாள். அப்பன் தொழிலைப் பற்றி யாராவது கேட்டால் "வாட்ச் பிசினஸ்" என்பாள். தார்ப்பாயைச் சொல்ல மாட்டாள். மாப்பிள்ளை பார்த்த தரகரும் "வாட்ச் கடை வச்சிருக்காரு" என்றுதான் சொல்லியிருந்தார். மாப்பிள்ளை செழியன், ஓசூரில் கம்பெனி வேலை. அப்பா இல்லை. தாய்மாமன் புகழேந்திதான் அந்த வீட்டுக்கு எல்லாம்.

எங்கள் பக்கம் நிச்சயதார்த்தத்தில் மாப்பிள்ளைக்குப் பெண் வீட்டார் மோதிரமும் வாட்ச்சும் போடுவது வழக்கம். வாட்ச் என்றால் தங்கக் கலரில், பளபளவென்று, நாலு வரிசை தள்ளி உட்கார்ந்திருப்பவனுக்கும் தெரிகிற மாதிரி இருக்க வேண்டும். செழியனுக்கு அந்த ஆசை இல்லை. ஜப்பான் கம்பெனி தன்னுடைய அந்தப் பழைய மாடலைத் தூசி தட்டி, முகம் மாறாமல், பட்டன் மாறாமல், திரும்பவும் வெளியிட்டிருந்தது. பெரிய ஊர்ப் பையன்களுக்கு அதுதான் இப்போது ஸ்டைலாம். அது வேண்டும் என்று அவன் அபிநயாவிடம் போனில் கேட்டிருக்கிறான்.

அவள் அப்பனைக் கூட்டிக்கொண்டு என் கடைக்கு வந்தாள். கம்ப்யூட்டரில் படத்தைக் காட்டினாள். கண்ணாயிரம் விழுந்து விழுந்து சிரித்தான்.

"இன்னாடி இது! நம்ம தார்ப்பாயில கெடக்கறதுதானே?"

"அப்பா" என்றாள் அபிநயா. அவள் சிரிக்கவில்லை. "ஒரிஜினல் வாங்குப்பா. உன் கால்ல வேணா உழறேன். உன் சரக்க பெட்டியில போட்டு வச்சிடாத."

அவன் சிரிப்பு நின்றது. "உன் விஷயத்துல அப்படி பண்ணுவனா?" என்றான். அவள் வேலைக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினாள்.

விலையைப் பார்த்ததும் கண்ணாயிரம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தான். பிறகு, "போடுங்க பாய்" என்றான். என் பெயரில், என் மெயிலில் ஆர்டர் போட்டேன். ஆறாம் நாள் பார்சல் என் கடைக்கே வந்தது. என் கண்ணெதிரில்தான் பிரித்தான். பிரிப்பதற்கு முன்னால் வெளியே குழாயில் போய்க் கை கழுவிக்கொண்டு வந்தான். சட்டைப்பையிலிருந்து தன் சரக்கு ஒன்றை எடுத்துப் பக்கத்தில் வைத்தான். இரண்டும் ஒரே முகம். நான் குழம்பிவிட்டேன். அவன் குழம்பவில்லை. பட்டனை அமுக்கும் சத்தத்தைக் காதில் வைத்துக் கேட்டான்.

"முப்பது வருஷமா இதோட பேரச் சொல்லித்தான் சாப்பிட்டேன் பாய். இன்னிக்குத்தான் நேர்ல பாக்கறேன்."

அவன் கண் கலங்கியதை அன்றுதான் நான் பார்த்தேன். பெட்டிக்குள் எட்டாக மடித்த ஒரு தாள் இருந்தது. வாட்ச்சை எப்படிப் பயன்படுத்த வேண்டும் என்று பொடி எழுத்தில் அச்சடித்தது. வாட்ச்சைப் பற்றி இவனுக்குச் சொல்லித்தர ஒரு தாளா என்று நான் அதை மேஜை டிராயரில் போட்டேன். அவனும் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை, டவுனில் ஒரு சின்ன மண்டபத்தில் நிச்சயதார்த்தம். இருநூறு பேர் இருக்கும். கண்ணாயிரம் மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையில் ஓடிக்கொண்டிருந்தான். மாப்பிள்ளை மாமன் புகழேந்தியைப் பார்த்ததும் எனக்கு ஆளை அடையாளம் தெரிந்தது. ஓர் ஆபீசில் சூப்பிரண்டு. எந்த ஆபீஸ் என்று சொல்ல மாட்டேன். நான் எழுதும் மனுக்களில் பாதி அவர் மேஜையைத் தாண்டித்தான் போக வேண்டும். கையெடுத்துக் கும்பிட்டேன். தலையை மட்டும் அசைத்தார்.

தட்டு மாற்றினார்கள். மோதிரம் போட்டார்கள். கண்ணாயிரம் பெட்டியைத் திறந்து, தன் கையாலேயே வாட்ச்சைச் செழியன் கையில் கட்டினான். செழியன் முகம் மலர்ந்தது. அபிநயா கூட ஒரு நொடி சிரித்தாள். அவ்வளவுதான் அந்தக் குடும்பத்தின் சந்தோஷம். அதற்கு மேல் அளக்கப்படவில்லை.

"மாப்ள, அத கழட்டு" என்றார் புகழேந்தி.

"ஏன் மாமா?"

"கழட்டுன்னா கழட்டு."

வாட்ச்சை வாங்கி, மைக் பிடித்திருந்தவனுக்குப் பக்கத்தில் வந்து நின்றுகொண்டார். "எங்கியோ பாத்த மூஞ்சியா இருக்குதேன்னு காலையிலேர்ந்து யோசிச்சிட்டு இருந்தேன். எமலிங்கத்தாண்ட தார்ப்பாய் போட்டு உக்கார்றவர் நீங்கதானே?"

"ஆமாங்க. நாந்தாங்க."

"என் பையனுக்கு உங்ககிட்டதான் ஒண்ணு வாங்கினேன். எமலிங்கத்துல கட்டினான். சுத்து முடியற ஈசான்ய லிங்கம் வர்றதுக்குள்ள நின்னுபோச்சு."

மைக்கில் எல்லாம் கேட்டது. மண்டபம் சிரித்தது. பெண் வீட்டுப் பக்கமும் சிரித்தார்கள். அதையும் எழுத வேண்டும்.

"இதுவும் அதே மூஞ்சிதானே?"

"இல்லீங்க, இது ஒரிஜினலுங்க. பில்லு வச்சிருக்கேங்க."

"பில்லு, பெட்டி, அட்டை எல்லாந்தான் அன்னிக்கும் குடுத்தீங்க."

செழியன் எழுந்தான். நல்ல பையன். "மாமா, இந்த மாடல நாந்தான் கேட்டேன்."

"நீ கேட்டது ஒரிஜினலுடா. இவரு குடுத்திருக்கறது இன்னா? அதத்தான் நான் கேக்கறேன்." செழியன் உட்கார்ந்துவிட்டான். புகழேந்தி கண்ணாயிரத்தின் பக்கம் திரும்பினார். "நீங்கதான் பக்கெட்ல போட்டுக் காட்டுவீங்களே. இங்கியும் காட்டுங்க. எல்லாரும் பாக்கட்டும்."

இந்த இடத்தில் கண்ணாயிரம் பயந்திருப்பான் என்றுதானே நினைப்பீர்கள்? அவன் முகத்தில் பல்பு எரிந்தது. அவ்வளவு சந்தோஷம். "பக்கெட்டு ஒண்ணு எடுத்தாங்கப்பா" என்று அவனே குரல் கொடுத்தான். கை கழுவும் இடத்திலிருந்து யாரோ தூக்கிக்கொண்டு வந்தார்கள். வாழ்நாளெல்லாம் வாஸ்லின் தடவி ஊரை ஏமாற்றியவன், வாஸ்லின் இல்லாமல் ஜெயிக்கப் போகும் நாள் வந்துவிட்டது என்று நம்பினான். ஒரிஜினலுக்குத் தண்ணீர் ஒரு பொருட்டே இல்லை என்று ஆயிரம் பேரிடம் சொல்லிச் சொல்லி, அந்தப் பொய்யை உலகத்தில் முழுசாக நம்பிய ஒரே ஆள் அவன்தான்.

சட்டைக் கையை மடித்துக்கொண்டான். வாட்ச்சைத் தண்ணீருக்குள் அமுக்கினான். பழக்கம் விடுமா? "பாருங்க சார், ஒரிஜினலுக்கு தண்ணி ஒரு மேட்டரே இல்ல சார்" என்று பௌர்ணமிக் குரலிலேயே ஆரம்பித்தான். "லைட்டு எரியுது பாருங்க!" பட்டனை அமுக்கினான். எரிந்தது. இரண்டு பேர் கை தட்டினார்கள். மறுபடி அமுக்கினான். எரிந்தது. மூன்றாவது முறை எரியவில்லை.

வெளியே எடுத்தான். கண்ணாடிக்கு உள்பக்கம் பனி பிடித்திருந்தது. இலக்கங்கள் துடித்தன, பாதி பாதியாக மறைந்தன. பிறகு வெறும் சாம்பல் திரை. கண்ணாயிரம் அதை வேட்டியில் துடைத்தான். வாயால் ஊதினான். உள்ளங்கையில் தட்டினான். அவன் தட்டத் தட்ட மண்டபம் சிரித்தது. பையன்கள் போனைத் தூக்கிப் படம் பிடித்தார்கள்.

என் சட்டைப்பையில் என் போன் இருந்தது. அதில் ஆர்டர் போட்ட மெயில் இருந்தது. பார்சல் பிரித்தபோது நான் எடுத்த போட்டோ இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, என் கண்ணால் பார்த்தவன் நான். போனை வெளியே எடுத்தேன். புகழேந்தி என்னைப் பார்த்தார்.

"இன்னா பாய், உங்களுக்கு ரொம்ப வேண்டியவரா?"

"இல்லீங்க சார்" என்றேன். "மனு எழுத வருவாரு. அவ்ளோதான்."

போனைப் பைக்குள் போட்டேன். இருபத்திரண்டு வருஷப் பழக்கம். என் மகன் விபத்தில் படுத்திருந்தபோது மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கூட உட்கார்ந்திருந்தவன் கண்ணாயிரம். நான் சொன்னது அவன் காதிலும் விழுந்தது. அவன் என்னைத் திட்டவில்லை. என் பக்கம் பார்க்கக்கூட இல்லை. மகளைத்தான் பார்த்தான். அபிநயா தலையைக் குனிந்துகொண்டு புடவை மடிப்பைப் பிடித்திருந்தாள். அவள் வாய் திறக்கவில்லை.

புகழேந்தி செழியனின் தோளில் கை வைத்து, "கெளம்பலாமா?" என்றார்.

கண்ணாயிரம் கும்பிட்டான். "தப்பு பண்ணிட்டேங்க. நம்ம கடை சரக்குதாங்க அது. ஒரிஜினலு வாங்க முடியலீங்க. பொண்ணுக்கு ஒண்ணும் தெரியாதுங்க. என்னிய இன்னா வேணா சொல்லுங்க, கல்யாணத்த நிறுத்திடாதீங்க."

புகழேந்தி பெரிய மனசு பண்ணினார். "இத மொதல்லயே சொல்லியிருந்தா இவ்ளோ பேச்சே வந்திருக்காதே" என்று சொல்லி, அவன் கையிலிருந்த வாட்ச்சை வாங்கிக் காலை டிபன் பந்தியில் எடுத்த எச்சில் இலைக் கூடையில் போட்டார். சாம்பார் இலைகள் அதன் மேல் விழுந்தன. பிறகு எல்லோரும் சாப்பிடப் போனார்கள். நானும் போனேன். பாயசம் நன்றாக இருந்தது.

மறுநாள் காலையில் டிராயரைத் திறந்து அந்தத் தாளைப் படித்தேன். பழைய மாடலை அப்படியே உருவாக்கியிருப்பதாகப் பெருமையாகப் போட்டிருந்தது. மழைத் தூறல், கை கழுவும்போது தெறிக்கும் தண்ணீர், இவற்றுக்கு மட்டுமே தாங்கும். தண்ணீருக்குள் எக்காரணம் கொண்டும் பட்டனை அமுக்கக் கூடாது. அதை மட்டும் தடித்த எழுத்தில் அச்சடித்திருந்தார்கள்.

கண்ணாயிரம் வந்தபோது அதைப் படித்துக் காட்டினேன். கேட்டுக்கொண்டான். நான் மன்னிப்புக் கேட்டேன். "உங்களுக்கும் பொழப்பு இருக்குதே பாய்" என்றான். அதைவிட என்னைச் செருப்பால் அடித்திருக்கலாம்.

"அது சரி, நீ ஏன் இல்லாத தப்ப ஒத்துக்கின?"

"பொண்ணு தலைய குனிஞ்சிக்கிட்டா பாய். அவளுக்குத் தெரியும், அது ஒரிஜினலுன்னு. பேசினா கல்யாணம் நின்னுடுமோன்னு பயந்துட்டா. அவ பயத்துக்கு நான்தானே எதனா செய்யணும்? ஊரு இன்னா சொன்னா இன்னா? அப்பன் தனக்கு நெஜத்தத்தான் குடுத்தான்னு அவளுக்குத் தெரியும். எனக்கு அது போதும்."

கல்யாணத்தில் அவனை வாசலில் நிற்க வேண்டாம் என்று புகழேந்தி சொல்லி அனுப்பினார். சமையல்கட்டுப் பக்கம் நின்றுகொண்டிருந்தான். போகிறவன் வருகிறவனெல்லாம் "மணி எவ்ளோங்க?" என்று கேட்டுவிட்டுப் போனான். நிச்சயதார்த்த வீடியோ வேறு ஊரெல்லாம் சுற்றியது. பௌர்ணமிக்குத் தார்ப்பாய் விரித்தால் ஆட்கள் வாங்க வரவில்லை, அவனை வேடிக்கை பார்க்கத்தான் வந்தார்கள். பக்கெட்டை எடுத்து வைத்துவிட்டான். வியாபாரம் படுத்தது. மனைவி மணியம்மாள் ஒரு விடுதியில் பாத்திரம் கழுவப் போக ஆரம்பித்தாள். எதைக் கேட்டாலும் அவனிடம் ஒரே பதில்தான்: "அவளுக்குத் தெரியும் பாய்." சொல்லும்போது முகம் தெளிவாக இருக்கும். எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது.

நிச்சயதார்த்தத்துக்கு நாலு மாதம் கழித்து அபிநயா ஓசூரிலிருந்து வந்தாள். அப்பன் வீட்டு ரேஷன் கார்டிலிருந்து பெயரை எடுத்தால்தான் புருஷன் வீட்டுக் கார்டில் சேர்க்க முடியும். விண்ணப்பம் போட இருவரும் என் கடைக்கு வந்தார்கள். கண்ணாயிரம் மகளுக்கு ஜூஸ் வாங்கி வந்து கொடுத்தான். நான் விவரங்களை அடித்துக்கொண்டிருந்தேன்.

"அப்பா, ஒண்ணு கேக்கணும்" என்றாள். "மதார் மாமா முன்னாடியே கேட்டுடறேன். அந்த ஒரிஜினல யார்கிட்ட வித்த?"

கண்ணாயிரத்துக்குப் புரியவில்லை. "எதம்மா?"

"நிச்சயதார்த்த வாட்ச்தான். அவரு இன்னும் அதயே தேடிட்டு இருக்காரு. வித்த ஆள சொன்னா, திருப்பி வாங்கிக்கலாம்னு பாக்கறேன்."

நான் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தேன். "அபிநயா, இன்னாம்மா பேசற? தட்டுல வச்சதுதான் ஒரிஜினலு. பார்சல் பிரிச்சப்ப நான் இருந்தேன். மெயில் இருக்குது, போட்டோ இருக்குது, பாரு" என்று போனை நீட்டினேன். நாலு மாதம் லேட்.

அவள் போனைப் பார்க்கவில்லை. "பார்சல் வந்துச்சு மாமா, நான் இல்லன்னு சொல்லலியே. தட்டுல வச்சது எது? அதான் கேள்வி. தண்ணியில போட்டதும் செத்துபோச்சே. எனக்கு அப்பவே தெரிஞ்சுபோச்சு. யார் மூஞ்சியையும் பாக்க முடியாமதான் தலைய குனிஞ்சேன். அப்புறம் அப்பாவே ஒத்துக்கிட்டாரு."

"உனக்காகப் பொய் சொன்னாம்மா அவன்!"

"நீங்களும் அங்கதானே மாமா இருந்தீங்க?" அவள் கோபமாகக் கேட்கவில்லை, நிஜமாகத் தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். "அது ஒரிஜினலா இருந்திருந்தா நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருக்க மாட்டீங்களா?"

புகழேந்தி இருந்தார் என்று சொல்லியிருக்கலாம். அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல நாக்கு எழவில்லை. இரண்டாவது முறையும் நான் வாயை மூடிக்கொண்டேன்.

அவள் அப்பனின் கையைப் பிடித்துக்கொண்டாள். "நான் கோச்சிக்கலப்பா. இன்னா கஷ்டமோ, வித்துட்ட. உன் தொழிலப் பத்தி எனக்குத் தெரியாதா? விட்டுடு, நான் இனிமே கேக்க மாட்டேன்."

கண்ணாயிரம் அவள் பிடித்த கையையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் முகத்தில் இத்தனை நாளும் இருந்த தெளிவு போய்விட்டது. அதை எடுத்தது மகள் இல்லை, நான்தான். அல்லா என்னை மன்னிக்கட்டும். நான் என்னை மன்னிக்கப் போவதில்லை.

பிரிண்டரிலிருந்து தாள் வந்து விழுந்தது. குடும்ப அட்டையிலிருந்து மகள் அபிநயாவின் பெயரை நீக்கித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன் என்று அதில் இருந்தது.

"எங்க பாய் கையெழுத்து போடணும்?" என்று கேட்டான் கண்ணாயிரம்.

நான் இடத்தைக் காட்டினேன். அவன் போட்டான்.